பெங்களூரு மாறுதலும் பட்டிப் பொங்கலும்

கோயமுத்தூர்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல பதினோரு வருசமா டைப் அடிக்கறேன், பெட்டிஷன், கவுன்டர், மெமோ எல்லாமே என் கையாலதான் போகும். அதனால குடும்ப கோர்ட் கேஸ்ல நமக்குத் தெரியாததான்னு ஒரு திமிரு உண்டு. அது இறங்குன கதை இது. ஆளுங்க அடையாளம் தெரியாத மாதிரி கொஞ்சம் மாத்தித்தான் சொல்றேன்.

எங்க ஆபீஸ் கட்சிக்கார அம்மா ஒருத்தருக்கு மியூச்சுவல்ல டைவர்ஸ் ஆயிருச்சு, எட்டு வயசுப் பையன் அவங்ககிட்ட, ரெண்டாவது நாலாவது சனிக்கிழமை காலைல பத்துல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் அப்பாகிட்ட. திடீர்னு கம்பெனில பெங்களூருக்கு மாத்தறாங்க, "பையன் என்கிட்டதானங்க இருக்கான், கூட்டிட்டுப் போனா என்ன"ன்னு வந்து கேட்டாங்க. சீனியர் பழைய ஆர்டரை எடுத்து ஒரு வரியக் காட்டுனாரு, கோர்ட் அனுமதி இல்லாம பையன அந்தக் கோர்ட்டோட எல்லைய விட்டு வெளிய கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு அவங்களே கையெழுத்துப் போட்ட நிபந்தனை! கையெழுத்துப் போடறப்ப யாரும் அதைப் படிக்கறதில்ல, அது வேற விசயம். நல்லவேளை, 1955 இந்து திருமணச் சட்டம் 26வது பிரிவுல டிக்ரி, அதாவது தீர்ப்பு, ஆன பொறகும் குழந்தை விசயத்துல ஆர்டரை மாத்தச் சொல்லிக் கேக்கலாம்.

நான் பக்கம் பக்கமா அடிச்சேன், சம்பள உயர்வு, மாறுதல் லெட்டர், பெங்களூரு ஸ்கூல் அட்மிஷன்னு. கடைசில அப்பா பாக்கறதுக்கு ஒரே பாரா, மாசம் ஒரு தடவ வெள்ளிக்கிழமை உதய் எக்ஸ்பிரஸ்ல அம்மா கூட்டிட்டு வருவாங்க, பண்டிகை விடுமுறைல வருவான்னு. நாலே வரி. அதுலதான் மாட்டுனேன்.

அப்பா பக்கமிருந்து கவுன்டர், அதான் பதில் மனு, வந்துச்சு. உதய் எக்ஸ்பிரஸ் பெங்களூர்ல மத்தியானம் ரெண்டு மணி சுமாருக்கே கிளம்பிரும், பையனுக்கு ஸ்கூல் விடறதே மூணரைக்கு, ஆக வருசம் பூரா மாசம் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போடுவானா இல்ல வரவே மாட்டானா? அட்மிஷன் பேப்பர்ல அந்த மூணரைய நாந்தான் ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருந்தேன். ஜட்ஜ் மேடம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு நிமிந்து பாத்தாங்க பாருங்க, நான் ஃபைலுக்குள்ள தலைய விட்டுக்கிட்டேன். அவங்க சம்பளத்தப் பத்தி ஒரு கேள்விகூட கேக்கல. பையன் எப்படி வருவான், எப்படித் திரும்புவான், டிக்கெட் காசு யாரு, இதேதான். பையன தனியா சேம்பர்ல கூப்ட்டும் பேசுனாங்க.

திரும்ப உக்காந்து அடிச்சோம். வெள்ளி ராத்திரி கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், விடியக்காலம் கோயமுத்தூர், ஞாயிறு மத்தியானம் இன்டர்சிட்டில திரும்பறது. 60 நாளைக்கு முன்னாடி புக்கிங் தொறக்கறப்பவே அம்மா டிக்கெட் போட்டு அப்பாவுக்கு அனுப்பிரோணும், பெர்த் வேணும்னா எட்டு வயசுக்கும் முழு டிக்கெட்டுதான், அந்தக் காசும் அம்மாவோடது. கோடை லீவுல பாதி அப்பாகிட்ட. வாரம் மூணு நாள் வீடியோ கால்.

அப்பறமும் பண்டிகைல சிக்கிச்சு. பையனோட அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் பொள்ளாச்சிப் பக்கமிருந்து மஞ்சப்பைல கச்சாயப் பலகாரம் போட்டுக்கிட்டு வந்துருவாரு, பையன் வர்றானோ இல்லியோ. வராண்டால எங்கிட்ட வந்து, "ஏங்கண்ணு, பட்டிப் பொங்கலுக்கு வருவானா?"ன்னாரு. எதிர்க்கட்சி ஆளு, பேசலாமா கூடாதான்னு ஒரு நிமிசம் யோசனை. ஆனா அவர் கேட்டப்பதான் உறைச்சுது, அந்த ஸ்கூல்ல சங்கராந்திக்கு ஒரே நாள்தான் லீவு, நம்மளாட்ட போகில இருந்து காணும் பொங்கல் வரைக்கும் கெடையாது. நான் அடிச்ச "பண்டிகை விடுமுறை"ல மறுநாள் வர்ற பட்டிப் பொங்கல் வராது. சீனியர்கிட்ட ஓடிச் சொன்னேன், அந்தம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "ரெண்டு நாள் லீவு போட்டு அனுப்பறேங்க, மாடுன்னா அவனுக்கும் உசுரு"ன்னாங்க.

ஆர்டர் இங்கிலீஷ்ல வந்துச்சு. அப்பாரு காப்பிய நீட்டி படிச்சுச் சொல்லச் சொன்னாரு, சொன்னேன்.

"மாட்டுப் பொங்கல்னு இருக்குதா? பட்டிப் பொங்கல்னு போடலியா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க அப்பாரு."

"அந்தூர்க்காரங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டுக்கிட்டே நாலா மடிச்சு, கச்சாயப் பொட்டலத்துக்கு அடில வெச்சுக்கிட்டாரு.