இரத்தத்தில் மரப்பு மருந்தைத் தேடும்போது

மரப்பு மருந்துகளில் நான் அதிகம் அளப்பது லிடோகைன், புப்பிவகைன் இரண்டையும்தான். மின்னழுத்தம் கொடுத்து மெல்லிய குழாயில் மூலக்கூறுகளை ஓடவிட்டுப் பிரிக்கும் கேப்பிலரி எலக்ட்ரோபோரசிஸ்தான் என் முறை. இரண்டுமே காரத்தன்மை கொண்டவை, பிஎச் 2.5 பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் கரைசலில்) நேர்மின்னேற்றம் பெற்றுவிடும். 50 மைக்ரோமீட்டர் உள்விட்டமுள்ள சிலிக்கா நுண்குழாயில் 25 கிலோவோல்ட் கொடுத்தால், சிறிய மூலக்கூறான லிடோகைன் முந்திக்கொள்ளும், புப்பிவகைன் பின்னால் வரும்.

சரி, ஆனால் பெரிய வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை அப்படியே செலுத்தினால் புரதம் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு வரைபடத்தில் மருந்துகளைக் காட்டும் எல்லா உச்சிகளையும் குலைத்துவிடும். அதனால் பிளாஸ்மாவைக் காரமாக்கி, மருந்தைக் கரிமக் கரைப்பானுக்கு இழுத்து, நைட்ரஜன் ஊதி உலர்த்தி, துளியளவு நீர்த்த அமிலத்தில் கரைக்கிறேன். இந்தச் செறிவூட்டலில் சோம்பல் கூடாது. குழாய்க்குள் போவதே சில நானோலிட்டர்தான். மருந்தைக் கண்டறியப் பாய்ச்சும் புற ஊதா ஒளி கடக்கும் தூரமும் அந்த 50 மைக்ரோமீட்டர்தான், அதனால் உச்சி சிறிதாகவே வரும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அப்புறம் வருகிறது. பஃபரில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறில் பொருத்தமான ஒன்றைச் சேர்த்தால், புப்பிவகைனின் ஒற்றை உச்சி இரண்டாகப் பிரியும்: ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்கள். இதயத்தை அதிகம் பாதிப்பது ஆர் வடிவம். எஸ் வடிவம் மட்டும் லெவோபுப்பிவகைன் என்று தனி மருந்தாக வந்ததும் அதனால்தான்.

மொத்த அளவை மட்டும் அறிக்கையில் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. புப்பிவகைனில் சுமார் 95 சதவீதம் புரதத்தோடு பிணைந்திருக்கும். உடலில் வேலை செய்வது மீதிதான். நுண்வடிகட்டியில் அந்தக் கட்டற்ற பங்கைப் பிரித்து, அதையும் அளக்க வேண்டும்.