சார் அல்லது மேடம்

அந்த மின்னஞ்சலில் நான்கு பத்திகள். முதல் மூன்றை அன்று ஒரு தடவைதான் படித்தேன். நாலாவதில் ஒரே ஒரு வரி. "சார் அல்லது மேடம், இதை நான் எப்படி எழுதினால் உங்களுக்குச் சரியாக இருக்கும்?"

எழுதியவர் மணிலாவில் இருக்கும் 31 வயதுப் பெண். சிங்கப்பூரில் நான் வேலை செய்யும் இணையப் பணப்பை நிறுவனத்தில், எங்கள் வாலட்டில், கணக்கு வைத்திருந்தார். சந்தேகமான கணக்குகளைச் சரிபார்ப்பது என் வேலை. விவரம் கேட்டுக் கடிதம் அனுப்பியவன் நான். கணக்கை மூடியவனும் நான். மூடியது சிஸ்டம்தான் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சிஸ்டத்தில் அந்தக் கட்டத்தில் டிக் போட்டது என் விரல்.

அலர்ட் வந்த காரணம் சாதாரணமானது. வெவ்வேறு நாடுகளிலிருந்து நான்கு ஆண்கள் 20, 35, 50 என்று சின்னச் சின்னத் தொகையாக அவருக்கு அனுப்பியிருந்தார்கள். எல்லாரும் அவரைவிட இருபது வயதாவது மூத்தவர்கள். உறவுமுறை ஒன்றும் கிடையாது. இப்படி வந்தால் அலர்ட் கொடு என்ற விதியை எதற்காக எழுதினார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் வெஸ்ட்பேக் வங்கிமீது 2019-ல் வழக்கு வந்ததே, அதில் ஒரு குற்றச்சாட்டு இதுதான்: பிலிப்பீன்ஸுக்கும் அக்கம்பக்க நாடுகளுக்கும் இப்படிப் போன சில்லறைத் தொகைகளில் பிள்ளைகளை வைத்து நடக்கும் கொடுமையின் அடையாளம் தெரிந்தும் வங்கி ஒழுங்காகக் கவனிக்கவில்லை. அடுத்த வருடம் 130 கோடி ஆஸ்திரேலிய டாலர் கட்டினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்த வழக்கைத்தான் பாடமாக நடத்தினார்கள். அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர் பதிலில் எல்லாம் இருந்தது. முன்பு கால் சென்டரில் ராத்திரி வேலை. இரண்டு பிள்ளைகள். இப்போது கேமரா முன்னால், வயதுவந்தவர்களுக்கான பாலியல் தளம் ஒன்றில். காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம். நியூயார்க்கில் அப்போது ராத்திரி. கதவைப் பூட்டிக்கொண்டு, தனியாக. அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, தளம் கொடுத்த வருமானக் கணக்கு எல்லாம் இணைப்பில். மாதம் 430 அமெரிக்க டாலர் போல வந்திருந்தது. மணிலாவில் குறைந்தபட்சக் கூலி அப்போது ஒரு நாளைக்கு 645 பெசோ. 26 நாள் வேலை என்று கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன், கிட்டத்தட்ட 290 டாலர் வந்தது. வித்தியாசம் 140 டாலர், அப்புறம் ராத்திரி பிள்ளைகளோடு இருப்பது.

அந்த நான்கு ஆண்களைப் பற்றியும் எழுதியிருந்தார். தளத்தில் வழக்கமாக வருகிறவர்கள். தளம் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்வதால், நேராக அனுப்பச் சொல்லி இவர்தான் கேட்டிருக்கிறார்.

இதில் பொய் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சாட்டர்பேட் போன்ற பெரிய தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளத்தில் செலவழிக்கும் காசுக்கு டோக்கன் என்று பெயர். பார்க்கிறவர் 100 டோக்கனுக்கு 10.99 டாலர் கொடுக்கிறார், அந்த நூறும் வந்து சேரும் பெண்ணுக்குக் கிடைப்பது 5 டாலர். அறையும் கேமராவும் கொடுக்கும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வேலை செய்தால் அந்த ஐந்திலும் ஸ்டுடியோ கை வைக்கும். மிச்சம் வாலட்டுக்கு வந்தால் எங்கள் கட்டணம், பெசோவாக மாற்றும்போது எங்கள் விகிதம். நாங்களும் அந்த வரிசையில் நின்று கை நீட்டியவர்கள்தான். ஒன்றரை வருடம் நீட்டினோம், ஒரு கேள்வியும் கேட்காமல்.

தளத்திலிருந்து மாதம் இரண்டு தடவை மொத்தமாக வந்த பணத்தை எந்த விதியும் தொடவில்லை. இடையில் பிடுங்கும் பாதியிலிருந்து தப்பிக்க நினைத்ததுதான் அவரை அந்தக் கொடியவர்களின் கணக்கு மாதிரி காட்டியது. இது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. கோப்பு கையில் இருந்தபோது புரியவில்லை.

சீனியர் அக்காவிடம் கொண்டுபோனேன். சிராங்கூனில் என் அம்மா வீட்டுக்குப் பக்கத்து புளோக். என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"இந்தம்மா எதையும் மறைக்கலையே அக்கா."

"அதான் தம்பி பிரச்சனையே. மறைச்சிருந்தா நமக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சு போச்சு."

"அது பெரியவங்க விஷயம். பிள்ளைங்க யாரும் இல்ல."

"அந்த ஊருல அதுவே குற்றம். தெரிஞ்சே பணம் வாங்கிக் கொடுக்க முடியுமா? உனக்குப் பாவமா இருந்தா எதுக்குக் கேட்ட?"

அக்கா சொன்னது சட்டப்படி சரி. 2012-ல் வந்த பிலிப்பீன்ஸ் இணையக் குற்றச் சட்டத்தில் காசுக்குக் கேமரா முன்னால் இப்படிச் செய்வது குற்றம், குறைந்தபட்ச அபராதமே இரண்டு லட்சம் பெசோ. 2014-ல் அவர்கள் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவு செல்லும் என்றது. இதே பெண் கொலம்பியாவின் மெடலின் நகரத்தில் இருந்திருந்தால் அந்தக் கட்டத்தில் டிக் போட எனக்குக் காரணம் கிடைத்திருக்காது. அங்கே இந்தத் தொழில் சட்டத்துக்கு உட்பட்டது. கர்ப்பமானதும் ஸ்டுடியோவிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குத் தொழிலாளர் உரிமை உண்டு என்று 2021-ல் அரசியலமைப்பு நீதிமன்றமே சொன்னது. அதற்காக அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2024-ல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன், அந்த ஸ்டுடியோ அறைகளில் மூட்டைப்பூச்சியும் கரப்பானும். மணிலாப் பெண் சொந்த அறையில் இருந்தார். குற்றவாளி இவர்.

சரி, சொந்த அறை என்று அவர் எழுதினார், நான் நம்பினேன். எதை வைத்து? யாரோ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு எழுத வைத்திருந்தாலும் "தனியாக" என்றுதானே எழுதியிருப்பார். கடிதம் மரியாதையாக, பிழையில்லாமல் இருந்ததால் நம்பினேனோ என்னவோ. தப்பும் தவறுமாக எழுதியிருந்தால் இத்தனை நாள் அவரை நினைத்துக்கொண்டிருப்பேனா? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மூடியது சரிதான் என்று தோன்றும். ஒரு நாள், இரண்டு நாள் அப்படியே இருக்கும்.

அப்புறம் அந்த நான்கு ஆண்கள் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்கும் இதே கடிதம் போனது. நான்கு பேரும் ஒரே மாதிரி பதில்: நண்பருக்கு அன்பளிப்பு. பட்டியலில் அப்படி ஒரு தேர்வு இருக்கிறது, அதை அழுத்தினால் போதும். அனுப்புகிறவனைப் பிடிக்க எழுதிய விதி இது. நான்கு கணக்குகளும் இன்றும் ஓடுகின்றன. அதில் ஒருவர் இங்கே, சிங்கப்பூரில்தான் இருக்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு நான் அனுப்பிய பதில் மூன்று வரி. உங்கள் கணக்கைத் தொடர இயலவில்லை, காரணம் தெரிவிக்க இயலாது, மீதித் தொகைக்கு வேறு வங்கிக் கணக்கு எண் தரவும். காரணம் சொல்லாததற்கும் சட்டம் இருக்கிறது. அதிகாரிகளுக்குச் சந்தேக அறிக்கை ஒன்று போயிருந்தால் அதைச் சம்பந்தப்பட்டவரிடம் கோடி காட்டுவதே இங்கே குற்றம். போனதா இல்லையா என்று இங்கேயும் எழுத மாட்டேன். ஆனால் அவர் கேட்டது காரணம் இல்லையே. எப்படி எழுத வேண்டும் என்றுதான் கேட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரியும். "இணையவழி ஆங்கில வகுப்பு" என்று எழுதியிருந்தால் போதும், பத்து நிமிடத்தில் கோப்பை முடித்திருப்பேன். தெரிந்தும் சொல்ல முடியாத பதில்.

மீதி 212 டாலர் இருந்தது. அனுப்பினோம். அனுப்பும் கட்டணம் 3 டாலர் தானாகவே கழிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் பிலிப்பீன்ஸ்காரர்கள் கூடும் லக்கி பிளாசா கடைத்தொகுதிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பிலிப்பீன்ஸில் இலோயிலோக்காரர். மாதம் 400 சிங்கப்பூர் வெள்ளி ஊருக்கு அனுப்புகிறார் என்பது தெரியும். அங்கே அதை யார் வாங்குகிறார்கள், எதற்கு என்று ஏழு வருடத்தில் நாங்கள் கேட்டதில்லை. அன்று கேட்க வாய் வந்தது. குடையை எடுத்துக் கொடுத்தேன்.

போன மாதம் அந்த விவரம் கேட்கும் மாதிரிக் கடிதத்தைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. அதில் கடைசிக்கு முந்தின வரி: "தயங்காமல் முழு விவரமும் தெரிவியுங்கள், உங்கள் கணக்கைத் தொடர அது எங்களுக்கு உதவும்." இதை எடுத்துவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். கோப்பியைக் கலக்கிக்கொண்டே படித்துப் பார்த்தார்.

"எடுத்துட்டா யாரும் பதில் போட மாட்டாங்க தம்பி."

ஒரு காற்புள்ளி மட்டும் தப்பாக இருந்தது. அதைத் திருத்தி அனுப்பிவிட்டேன்.