அடைமழையிலும் 65-இல் நின்ற பெட்டி

ஐப்பசியும் கார்த்திகையும் தாண்டிவிட்டன, என் சுருட்டுப் பெட்டிக்குள் ஈரப்பதம் 66 சதவீதத்தைத் தாண்டவில்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் ஈரப்பத மீட்டர் பல நாள் 90-க்குக் கீழே இறங்கவே இல்லை. துவைத்துப் போட்ட வேட்டி மறுநாளும் ஈரம், அடுப்படியில் உப்பு ஜாடி தண்ணீர் விட்டுக்கொண்டது. அப்பேர்ப்பட்ட மழையில், கும்பகோணத்தில் அரசலாற்றை ஒட்டிய ஒரு ஓட்டு வீட்டில், ஏசி இல்லாத காமரா உள்ளில், என் சுருட்டுகள் 64-க்கும் 66-க்கும் நடுவே உட்கார்ந்திருக்கின்றன. இழுப்பு அடைக்கவில்லை, ஒருபக்கமாக எரியவில்லை, மேல் இலையில் ஒரு பூஞ்சணப் புள்ளி இல்லை. இத்தனை வருஷமாக இதற்குத்தான் மல்லுக்கட்டினேன். அதனால் விவரமாக எழுதிவிடுகிறேன்.

ஹியூமிடார், அதாவது சுருட்டைப் பதமாக வைக்கும் பெட்டி, பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே பனிக்காலத்தில் ஹீட்டர் போட்டால் வீட்டுக் காற்று வறண்டு மேல் இலை வெடிக்கும். ஆகவே ஸ்பாஞ்சில் காய்ச்சி வடித்த நீரை ஊற்று, சிடார் பலகையை ஈரத்துணியால் துடைத்துப் பதப்படுத்து, 70 சதவீதம் ஈரப்பதமும் 70 டிகிரி பாரன்ஹீட்டும் வை என்று சொல்கிறார்கள். 70 பாரன்ஹீட் என்றால் 21 செல்சியஸ். மார்கழி விடியலில்கூட இங்கே வீட்டுக்குள் அது அபூர்வம். நமக்கு ஈரம் ஏற்றுகிற வேலையே கிடையாது. வெளியே இருக்கும் ஈரத்தை உள்ளே விடாமல் நிறுத்துவதுதான் வேலை. சூடும் கூடுதலாக இருப்பதால் 70 நமக்கு ஆகாது, 65 போதும். சூடும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணமும் வண்டும் முன்னால் வந்து நிற்கும்.

மரப்பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டேன். பார்க்க அழகுதான், ஆனால் மூடி இடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது. அந்தப் பெட்டி மழைக்காலத்தில் போவேடா பாக்கெட்டை (ஈரத்தை ஒரே அளவில் நிறுத்தப் பெட்டிக்குள் வைக்கும் பை) உப்ப வைக்கிற இயந்திரம், வேறொன்றும் இல்லை. இப்போது இருப்பது நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடும், சிலிக்கான் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் பலகை, பலகைக்கு மேல் சுருட்டு, ஓரத்தில் 65 சதவீத ரக போவேடா பாக்கெட்டுகள். இருபத்தைந்து சுருட்டு பிடிக்கும் இடத்துக்கு ஒரு 60 கிராம் பாக்கெட் என்பது கணக்கு. நான் ஒன்று கூடுதலாகவே வைக்கிறேன்.

இனி மீட்டர் விஷயம். என்னைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை ஹைக்ரோமீட்டரை நம்பத் தகுந்ததாக ஆக்குவதுதான். இணையத்தில் வாங்கிய மூன்று டிஜிட்டல் மீட்டர்களை ஒரே டப்பாவில் வைத்தால் ஒன்று 61 என்கிறது, ஒன்று 65, இன்னொன்று 69. எதை வைத்து எதைச் சரிசெய்வது? விற்றவரிடம் கேட்டேன், "எல்லாமே கம்பெனியில் செக் பண்ணி வருது சார்" என்று பதில். இப்படிப்பட்ட மீட்டரை நம்பி ஒரு பெட்டி சுருட்டை ஒப்படைக்கிறோம் என்பதுதான் என் கோபம்.

மீட்டரைச் சரிபார்க்கும் உப்புச் சோதனை எல்லோரும் அறிந்ததே: கரையாத உப்பு மிச்சம் இருக்கிற ஈர உப்புக்கு மேலே, மூடிய இடத்தில், காற்று 75 சதவீதத்தில் நின்றுவிடும். 10 டிகிரியானாலும் 40 டிகிரியானாலும் அரைப் புள்ளிதான் அப்படி இப்படி. சூடு ஏறி இறங்கும் நம் ஊருக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. பலர் சறுக்குவது இரண்டு இடத்தில். முதலாவது பதம். மீட்டரோடு ஜிப் கவருக்குள் வைக்கும் பாட்டில் மூடியில் உப்பைப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால் புட்டு மாவுப் பதத்தில் நிற்க வேண்டும். பிடித்தால் பிடிபட வேண்டும், மேலே தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கி உப்பு முழுக்கக் கரைந்துபோனால் 75-க்கு மேலே காட்டும். இரண்டாவது, உப்பு எந்த உப்பு என்பது.

நான் எடுத்தது வேதாரண்யம் கல் உப்பு. அதை அப்படியே இடித்துப் போட்டபோது மீட்டர் 77 காட்டியது. பாக்கெட் தூள் உப்பில் அதே மீட்டர் 79. ஒரே மீட்டர், ஒரே ஜிப் கவர், ஒரே அலமாரி. காரணம் மெக்னீசியம் குளோரைடு. சுத்திகரிக்காத கடல் உப்பில் அது கலந்திருக்கும். மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடி ஒழுகுவதற்கும் அதுதான் காரணம். அதன் செறிவான கரைசலுக்கு மேலே காற்று 33 சதவீதத்தில்தான் நிற்கும். எனவே அது கொஞ்சம் கலந்தாலும் 75 என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது அதற்குக் கீழே இறங்கிவிடும். சரி என்று உப்பை வெள்ளைத் துணியில் கட்டி, கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசிப் பிழிந்து, மறுபடியும் அலசினேன். மெக்னீசியம் குளோரைடு சீக்கிரம் கரையும், முதலில் அதுதான் போகும். அலசிய உப்பில் மீட்டர் 79-க்கு வந்து நின்றது. ஆக, பாக்கெட் உப்பு சொன்னதும் அலசிய கல் உப்பு சொன்னதும் ஒன்று, மீட்டர் 4 புள்ளி கூடுதலாகக் காட்டுகிறது. கவரை ஒரு முழு நாள் தொடாமல் வைக்க வேண்டும். மீட்டர்மேல் உப்புத் தண்ணீர் படவே கூடாது.

இதோடு நிறுத்தலாம், நான் நிறுத்தவில்லை. 75-இல் 4 கூடுதல் என்றால் 65-இலும் 4 கூடுதலா? அதற்கு கீழே இன்னொரு புள்ளி வேண்டும். மெக்னீசியம் நைட்ரேட் அதற்குச் சரியானது: அந்த ஈர உப்புக்கு மேலே காற்று 25 டிகிரியில் 53 சதவீதத்தில் நிற்கும், 30 டிகிரியில் 51.4-இல். ரசாயனக் கடைக்கு அலைய வேண்டாம், இலைவழித் தெளிப்புக்கு உரக்கடையிலேயே கிடைக்கிறது. கடைக்காரர் "எந்தப் பயிருக்குண்ணே?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் நெல் கொள்முதல் நிலையத்து ஈரப்பத மீட்டர் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். டெல்டாவில் ஈரப்பதம் என்று சொன்னால் எல்லோருக்கும் நெல்லின் 17 சதவீதம்தான் ஞாபகம் வரும். அது நெல்லுக்குள் இருக்கும் தண்ணீரின் அளவு, நாம் பார்ப்பது காற்றின் ஒப்பு ஈரப்பதம், இரண்டும் வேறு வேறு. ஆனால் அடியில் இருக்கும் விஷயம் ஒன்றுதான்: நெல்லானாலும் புகையிலையானாலும் சுற்றியிருக்கும் காற்றோடு கொடுக்கல் வாங்கல் செய்து ஒரு நிலைக்கு வந்து நிற்கும். மழையில் நனையாமலே மூட்டை நெல் ஈரம் ஏறுவதை அவர் பார்த்திருக்கிறார், சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை.

மெக்னீசியம் நைட்ரேட்டில், அறை 30 டிகிரியாக இருந்த அன்று, மீட்டர் 54 காட்டியது. அதாவது அங்கே இரண்டரை கூடுதல், மேலே 4 கூடுதல். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டால் 65-இல் மூன்றரைக்குக் கொஞ்சம் கீழே. அந்த மீட்டரின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டி "68½ காட்டினால் 65" என்று எழுதி வைத்திருக்கிறேன். மற்ற இரண்டையும் இதே மாதிரி செய்தேன், மூன்றும் இப்போது ஒரே பேச்சு பேசுகின்றன.

அடுத்து பாக்கெட். போவேடா இரண்டு பக்கமும் வேலை செய்யும், வறண்டால் கொடுக்கும், ஈரமானால் வாங்கும். குளிர்நாட்டில் பாக்கெட் காய்ந்து கல்லாகும்போது மாற்றுவார்கள். இங்கே தலைகீழ்: உப்பிக்கொண்டே போகும், ஒரு அளவுக்கு மேல் வாங்க முடியாது, அப்புறம் பெட்டி மெல்ல 70-க்கு ஏறும். அதைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நகைக்கடையில் வைத்திருக்கும் ரகத்தில் சின்னத் தராசு ஒன்று வாங்கி, ஒவ்வொரு பாக்கெட்டையும் எடை போட்டு அதன்மேலேயே பென்சிலால் எழுதினேன். ஐப்பசி முதலில் வைத்த எடைக்கும் கார்த்திகை முடிவுக்கும் பாக்கெட்டுக்கு 2 கிராம்கூட ஏறவில்லை. பழைய மரப்பெட்டியில் இதை நினைத்தும் பார்க்க முடியாது. டப்பா எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது என்பதற்கு மீட்டரைவிட இந்த எடைதான் நல்ல சாட்சி. உப்பிய பழைய பாக்கெட்டுகளை வேறொரு டப்பாவில் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லோடு போட்டு எடை இறங்கும்வரை விடுகிறேன். ஜெல் பச்சையானதும் இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சு. சுருட்டு இருக்கும் பெட்டிக்குள் வெறும் சிலிக்கா ஜெல்லைப் போடாதீர்கள், அது 65-இல் நிற்காது, உறிஞ்சிக்கொண்டே போகும்.

திறக்கும் நேரமும் முக்கியம். விடியலில் 25 டிகிரியில் 95 சதவீதம் இருக்கும் அதே காற்று, மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்து 31 டிகிரி ஆகும்போது சுமார் 67-க்கு வந்துவிடுகிறது. தண்ணீர் குறையவில்லை, காற்றின் கொள்ளளவு கூடிவிட்டது, அவ்வளவுதான். எனவே வெயில் அடிக்கும் நாளில் மதியம் இரண்டு மணிக்குத்தான் மூடியைத் தூக்குவேன். காலையில் ஒன்று பற்றவைக்கத் தோன்றினால் முந்தின நாளே எடுத்துச் சின்ன டப்பாவில் வைத்துக்கொள்கிறேன்.

பலகை பற்றி. ஸ்பானிஷ் சிடார் என்பது உண்மையில் சிடாரே அல்ல, வேம்பும் மகாகனியும் சேர்ந்த குடும்பத்து மரம். நம்மிடம் அதற்குச் சொந்தம் சந்தன வேம்பு, மரக்கடையில் தூன் என்பார்கள். தாவரவியலாளர்கள் ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். வாசனையும் நெருங்கி வருகிறது, விலையோ ஒப்பிடவே முடியாது. தஞ்சாவூரில் வீணை வேலை தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கால் அங்குலப் பலகை கேட்டேன். அடிப்பலகையும் பக்கப் பலகைகளும் புரட்டாசியிலேயே கொடுத்துவிட்டார். மூடிப் பலகைக்கு மட்டும் பிடிவாதம்: "மழை விடட்டும் தம்பி. இப்ப இழைச்சா இப்ப ஒரு அளவு, சித்திரையில ஒரு அளவு. அப்புறம் என்னைத்தான் குத்தம் சொல்லுவ." அவர் சொல்வது சரி. அவசரப்படுத்தவில்லை.

உறையூர்ச் சுருட்டுகளைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். திருச்சிச் சுருட்டு என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியது அதுதான், ஆனால் அதன் காரமான வாசனை பக்கத்துச் சுருட்டுகளில் ஏறிவிடும். இன்னொரு காரணம் சிகரெட் வண்டு. மஞ்சள், மிளகாய் மூட்டைகளைத் துளைக்கும் அதே பூச்சிதான். எதுவானாலும் புதிதாக வந்தால் இரண்டு ஜிப் கவருக்குள் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், ஃப்ரீசரில் மூன்று நாள், மறுபடி கீழ்த்தட்டில் ஒரு நாள், அப்புறம்தான் பெட்டிக்குள். கீழ்த்தட்டைத் தாண்டி நேராக ஃப்ரீசருக்குப் போனால் மேல் இலை வெடிக்கும்.

மழை கைக்குள் வந்துவிட்டது, இனி கத்திரி வெயில். பெல்டியர் வகைக் குளிர்பெட்டி (கம்ப்ரஸர் இல்லாமல் மின்தட்டால் குளிர்விப்பது) வாங்கலாம் என்று யோசனை. ஆனால் 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம்தான். 30 டிகிரியில் 65 சதவீதமாக இருக்கும் காற்றைக் குளிர்பெட்டிக்குள் விட்டால், மிச்சம் குளிர்தட்டில் தண்ணீராக வடியும். அது சுருட்டுமேல் சொட்டாமல் வெளியே போக வழி செய்ய வேண்டும். கரண்ட்டும் ஒரு கவலை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு கடலோரத்தில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தார்கள் என்று நினைத்தால், மின்சாரத்தை மட்டும் நம்ப மனசு வரவில்லை. ஆகவே டப்பாவை அப்படியே மூடி குளிர்பெட்டிக்குள் வைப்பது, 23 டிகிரிக்குக் கீழே இறக்காமல் இருப்பது, கரண்ட் போனாலும் பாக்கெட் பார்த்துக்கொள்ளும். தை பிறந்ததும் சென்னை போகும் வேலை இருக்கிறது, ரிச்சி தெருவில் இரண்டு எஸ்எச்டி31 ஈரப்பத சென்சார் வாங்கி வரவேண்டும். அவற்றையும் முதலில் உப்பில்தான் உட்கார வைப்பேன். அதற்குள் ஆசாரி மூடிப் பலகையைக் கொடுத்துவிட்டால், பொருத்திவிட்டு பாக்கெட்டுகளை மறுபடி எடை போட்டு எழுதுகிறேன்.