இலத்தீன் வகுப்பில் ஜூவனல்

கிரிக்கெட் பற்றியும் விடுதிச் சாப்பாடு பற்றியும் கல்லூரிப் பழைய மாணவர் மலருக்கு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் கல்லூரியில் இலத்தீன் படிப்பித்தார்கள் என்று எழுத ஆட்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். அதனால் அதை நான் எழுதுகிறேன்.

1950களின் கடைசியில் எச்.எஸ்.சி. என்ற உயர்தர வகுப்பில் ஒரு சிலர்தான் இலத்தீன் எடுத்தோம். மாஸ்டர் வேட்டி சால்வையோடு வருவார். கையில் ரோமக் கவிஞர் ஜூவனலின் அட்டை கழன்ற புத்தகம். பரீட்சைக்கு வேண்டியதைச் சுருக்கமாக முடித்துவிட்டு இந்தப் புத்தகத்துக்கு வந்துவிடுவார்.

காவியத்தையும் நாடகத்தையும் ரோமர் கிரேக்கரிடம் கற்றார்கள். ஊர்க் குறைகளை நையாண்டி செய்து சாடும் அங்கதக் கவிதை மட்டும் முழுக்கத் தங்களுடையது என்பது அவர்களுடைய பெருமை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அதற்கு வழி போட்டவர் லூசிலியஸ். ஊர்ப் பெரிய மனிதர்களைப் பெயர் சொல்லியே சாடியவர். பிறகு வந்த ஹொரஸ் சிரித்துக்கொண்டே திருத்தப் பார்த்தார். ஜூவனல் காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பேரரசர் காலத்தில் உயிரோடு இருப்பவர்களைத் தொட்டால் ஆபத்து. சாலையோரக் கல்லறைகளில் கிடப்பவர்களைப் பற்றியே எழுதுகிறேன் என்று முதற் கவிதையிலேயே சொல்லிவிடுகிறார். ஆனால் அந்த 16 கவிதைகளில் கொதிப்பது தன் காலத்து ரோம் மீதான கோபம்தான். நேர்மையை எல்லாரும் புகழ்கிறார்கள், அது குளிரில் விறைத்துக் கிடக்கிறது என்று எழுதியவர் அவர்.

எனக்கு மறக்காதது 5ஆம் கவிதை. விர்ரோ என்ற பணக்காரன் தன்னை அண்டிப் பிழைக்கும் திரெபியஸை விருந்துக்குக் கூப்பிடுகிறான். ஒரே வீடு, ஒரே பந்தி. விர்ரோவுக்குப் பஞ்சு போல வெள்ளை ரொட்டி. திரெபியஸுக்குப் பூஞ்சணம் பிடித்த, பல் உடைக்கிற ரொட்டி. தவறிக் கை வெள்ளை ரொட்டிப் பக்கம் போனால் பரிமாறுகிற அடிமையே அதட்டுவான்: உன் ரொட்டியின் நிறம் உனக்குத் தெரியாதா? அவனுக்கு நல்ல எண்ணெயில் மீன், இவனுக்கு விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் நாறும் கோவா (முட்டைக்கோஸ்) இலை. விர்ரோ இதைக் கஞ்சத்தனத்தால் செய்யவில்லை, நீ வேதனைப்படுவதைப் பார்க்கவே செய்கிறான் என்கிறார் ஜூவனல். அதோடு விடவில்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு போய் உட்காருகிறாய் என்றால் உனக்கு இதுதான் சரி என்று திரெபியஸையும் ஏசுகிறார். அந்த இரண்டாவது அடியை நான் இன்றைக்கும் ஏற்கவில்லை. வயிற்றுக்கு வழியில்லாதவன் எங்கே போவான்?

அன்று மாஸ்டர் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார்: "தம்பிமார், சந்தியிலை தேத்தண்ணிக் கடையிலை ஆருக்கு எந்தப் பேணியிலை குடுக்கினம் எண்டு பாத்திருக்கிறியளோ?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். சாதி பார்த்து வேறு பேணி வைத்திருந்த காலம் அது. எங்கள் வகுப்பிலேயே அந்த வேறு பேணியில் குடித்த வீட்டுப் பிள்ளையும் இருந்தான். அதை மேசையில் போட்டுப் பேசிய ஆசிரியர் எங்களுக்கு அவர் ஒருவர்தான்.

அப்புறம் 3ஆம் கவிதை. ரோமில் ஏழைக்கு வாழ இடமில்லை என்று உம்பிரீசியஸ் தன் சாமான் முழுவதையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு கூமே நகருக்குப் புறப்படுகிறான். வறுமையின் கொடுமைகளுக்குள் பெரிய கொடுமை, அது மனிதனைப் பிறர் சிரிக்கும்படி ஆக்குவதுதான் என்று அவன் சொல்லும் இடம் பொன் போன்றது. ஆனால் அதே வாயால்தான் சிரியாவின் ஒரோந்திஸ் ஆறு ரோமின் டைபர் நதிக்குள் வந்து கலந்துவிட்டது என்று வந்தேறிகளைத் திட்டுகிறான். பசித்த கிரேக்கன் நீ சொன்னால் வானத்துக்கும் ஏறுவான் என்று நக்கலடிக்கிறான். வறுமை சிரிப்புக்கிடமாவதைக் கண்டு துடித்தவன், வேறு ஊரிலிருந்து வந்தவனின் பசியைத் தானே சிரிப்புக்கிடமாக்குகிறான். மாஸ்டர் தேசப்படத்தில் கூமேயைக் காட்டினார். நேப்பிள்ஸ் பக்கம், கிரேக்கர் குடியேறி அமைத்த பட்டினம்.

லண்டனுக்கு வந்த பிறகுதான் அந்தப் பாடம் எனக்கு முழுதாக விளங்கியது. 1968 ஏப்ரல் 20ஆம் திகதி ஈனொக் பவல் என்ற பிரித்தானிய அரசியல்வாதி பேர்மிங்ஹாமில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். அவரும் கிரேக்கமும் இலத்தீனும் கரைத்துக் குடித்தவர். அந்த ரோமனைப் போல, இரத்தத்தில் நுரைக்கும் டைபர் நதியைக் காண்கிறேன் என்றார். அடுத்த நாட்களில் வேலைக்குப் போகும்போது ஆட்கள் எங்களைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது. பவல் சொன்ன அந்த டைபர் வரி ரோமக் கவிஞர் வேர்ஜிலுடையது. வேர்ஜிலிடம் அதைச் சொல்கிறவள் ஒரு பெண்: அதே கூமேயின் சிபில் என்ற குறி சொல்பவள். அவள் அதைச் சொன்னது, ஊர் எரிந்துபோகத் தகப்பனைத் தோளில் சுமந்து வெளியேறி, கடல் கடந்து இத்தாலிக்கு வந்து சேர்ந்த, ரோமர் தங்கள் மூதாதை என்று சொல்லும் ஏனியஸுக்கு.