ஊரணியும் கிராம சபையும்: 2024 நாட்குறிப்பு

ஜூலை 14, ஞாயிறு

இன்னைக்கு எங்க மகளிர் குழு கூட்டத்துல தவணை பாக்கி பத்திதான் பேச்சு ஆரம்பிச்சது, அது எப்படியோ தண்ணியில வந்து நின்னுருச்சு. ராமநாதபுரம் மாவட்டத்துல பொம்பளைங்க நாலு பேரு ஒண்ணா உக்காந்தா பேச்சு அங்கதான் வந்து சேரும். காவிரி கூட்டுக்குடிநீர் பைப்புல கடைசில இருக்கது நாங்க, மேல எங்க ஒடைஞ்சாலும் மொதல்ல எங்க கொழாய்தான் காயும். வராத நாளெல்லாம் தள்ளுவண்டில குடத்த அடுக்கிக்கிட்டு பக்கத்து ஊருக்கு போகணும், இல்ல லாரித் தண்ணி குடம் பத்து ரூவான்னு வாங்கணும். போர் போட்டா உப்பு. இத்தனைக்கும் மழையே இல்லாத ஊரும் இல்ல இது, வருசத்துக்கு சராசரியா 827 மில்லிமீட்டர் பெய்யுது, அதுல பாதிக்கு மேல அக்டோபர்லேருந்து டிசம்பருக்குள்ள கொட்டித் தீத்துரும். அந்தத் தண்ணிய பிடிச்சு வைக்கத்தான் நம்ம முன்னோர் ஊருக்கு ஊரு ஊரணி வெட்டி வச்சாக. எங்க ஊரணியில இப்ப சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்கு, ஆடு உள்ள போனா தேடித்தான் கண்டுபிடிக்கணும். கொழாய் வந்ததும் ஊரணிய ஊரே கைவிட்டுருச்சு, அதான் உண்மை.

ஜூலை 21, ஞாயிறு

வண்டல் மண் எடுக்க இனிமே தாசில்தாரே அனுமதி குடுக்கலாம்னு அரசாங்கம் சொல்லிருக்கு. முன்னாடி மாவட்ட ஆபீஸ் வரைக்கும் அலையணும். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90, மண்பானை செய்றவங்களுக்கு 60, மண்ணுக்கு காசு கிடையாது. கொழுந்தனாரும் அவரு கூட்டாளிகளும் உடனே ஜேசிபி பேசிரலாம்னு குதிக்கிறாக. பசங்களோட ஆர்வம் எனக்குப் புடிச்சிருக்கு, ஆனா ஊரணிய மட்டும் தோண்டி என்ன பண்றது, வரத்துக்கால் எங்க இருக்குன்னே தெரியல, தண்ணி எப்படி உள்ள வரும்? அதோட இது நாலு பேரு சேந்து முடிவு பண்ற விசயம் இல்ல, ஊரு சொத்து, கிராம சபையில தீர்மானமா வந்தாத்தான் நாளைக்கு எவனும் குறுக்க வந்து நிக்க மாட்டான். ஆகஸ்ட் 15க்கு இன்னும் மூணு வாரம் இருக்கு.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஊராட்சித் தலைவர் வீட்டுக்கு குழுவுலேருந்து எல்லாரும் சேந்து போனோம். நாங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், இந்த தடவ கிராம சபைய கீழத்தெருவுல நடத்துங்க. எப்பவும் ஊராட்சி ஆபீஸ் வாசல்லதான் நடக்கும், அது கோயில ஒட்டுன எடம், கீழத்தெரு சனங்க வந்தாலும் ஓரமா நின்னு கையெழுத்துப் போட்டுட்டு போயிருவாங்க. வாயத் தொறந்து பேசி நான் பாத்ததே இல்ல. ஒரே எடத்துல நடத்தாம சுழற்சி முறையில ஒவ்வொரு குடியிருப்புலயும் நடத்தணும், மதம் சம்பந்தப்பட்ட எடத்துல நடத்தக்கூடாதுன்னு ஒவ்வொரு தடவயும் அறிவிப்புலயே வருது. யாரும் கேக்கல, அதனால நடக்கல. தலைவர் கொஞ்சம் யோசிச்சாரு, "ஏத்தா, நம்ம தெரு ஆளுக அங்க வந்து உக்காருவாகளா"ன்னு கேட்டாரு. எங்க அத்தைதான் பட்டுனு சொன்னாக, "நான் வந்து உக்காருறேன்யா, எம் பின்னாடி வர்றவக வரட்டும்". அதுக்கு மேல அவரு ஒண்ணும் சொல்லல. நோட்டீஸ் அடிக்க சொல்லிட்டாரு.

ஆகஸ்ட் 15, வியாழன்

இன்னைக்கு நடந்தத முழுசா எழுதி வச்சிரணும், நாளைக்கு ஆளாளுக்கு வேற மாதிரி சொல்லுவாங்க.

கீழத்தெரு வேப்பமரத்தடியில சாமியானா போட்டுருந்தாங்க. எங்க ஊரு ஜனத்தொகைக்கு கோரம், அதாவது கூட்டம் செல்லுறதுக்கு கொறஞ்சது வர வேண்டிய ஆளு, 100 பேரு, 500க்கு மேல 3000 வரைக்கும் இருக்க ஊருக்கெல்லாம் அதான் கணக்கு. வழக்கமா அந்த நூற தேத்துறதுக்கு கிளர்க் நோட்ட தூக்கிக்கிட்டு வீடு வீடா போவாரு. இன்னைக்கு பதினோரு மணிக்கே எடம் இல்ல. மேலத்தெருவுலேருந்து எல்லாரும் வந்தாங்கன்னு சொல்ல மாட்டேன், கொஞ்ச பேரு ரோட்டு மேலயே பைக்க போட்டு உக்காந்துட்டாக, உள்ள வரல. ஆனா அத்தை சொன்னபடி மொத வரிசையில போயி உக்காந்தாக, அவுக பின்னாடி பொம்பளைங்க வந்தாங்க.

வரவு செலவு வாசிச்சு முடிஞ்சதும் ஊரணி பேச்சு வந்துச்சு. பசங்க பத்தடி தோண்டணும்னாங்க, இன்னொருத்தரு பன்னெண்டுன்னாரு, ஆழம் கூடுனா தண்ணி கூடும்ங்கிறது அவங்க கணக்கு. அப்ப பின்னாலேருந்து ஒரு ஆத்தா எந்திரிச்சாக, எம்பது வயசு இருக்கும், நான் அவுக கொரல இதுக்கு முன்ன கேட்டதே இல்ல. "அப்பு, மஞ்சக் களி வரைக்கும்தான் வெட்டணும், களிய ஒடச்சீகன்னா கீழ இருந்து உப்பு ஏறும், பெறகு மாடு கூட வாய் வைக்காது"ன்னாக. உங்களுக்கு எப்படி ஆத்தா தெரியும்னு ஒரு பையன் கேட்டான், மரியாதையாத்தான் கேட்டான். "வெட்டுனதே நாங்கதானய்யா. எங்கய்யா காலத்துல வருசா வருசம் நாங்கதான் எறங்கி மண்ணள்ளுவோம். அள்ளிப் போட்டுட்டு கரையில நிப்போம், உங்க வீட்டுப் பொம்பளைக மோந்து ஊத்துனா குடிப்போம்."

யாரும் ஒண்ணும் பேசல. எனக்கு தலைய நிமித்தவே முடியல. எங்க அப்பத்தாவும் அப்படி மோந்து ஊத்துனவகதான், அத ஏதோ புண்ணியம் மாதிரி எங்களுக்கு கதை சொல்லிருக்காக.

தலைவரு சுதாரிச்சு அப்பவே கிளர்க்க எழுத சொன்னாரு. ஊரணி தூர் வாருறது, மஞ்சக் களிய தொடக்கூடாது, வரத்துக்கால அளந்து மீட்கிறது, ரெண்டு படித்துறையும் ஊரு மொத்தத்துக்கும் பொது. கடைசி வரிய எழுதலாமா வேணாமான்னு கிளர்க் தயங்குனாரு, அதெல்லாம் சொல்லாமலே பொதுதானேம்மான்னாரு. சொல்லாததாலதான் இத்தன வருசம் அப்படி கெடந்துச்சு, எழுதுங்கன்னு நான் எந்திரிச்சு சொன்னேன். எழுதுன பெறகு சத்தமா வாசிக்க வச்சு, அதுக்கப்புறம்தான் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். வெத்து நோட்டுல மொதல்ல கையெழுத்த வாங்கிட்டு பொறவு தீர்மானத்த நெரப்புற பழக்கம் நெறைய ஊர்ல இருக்கு, தயவு செஞ்சு இத படிக்கிறவங்க உங்க ஊர்ல வாசிக்க சொல்லிட்டு போடுங்க.

ஆகஸ்ட் 31, சனி

மரம் வெட்டுறதுலயே ரெண்டு வாரம் போச்சு. சீமைக்கருவேலமா இருந்தாலும் பொது எடத்து மரத்த நெனச்சபடி வெட்ட முடியாது, வனத்துறை வந்து மதிப்பு போடணும், ஏலம் விடணும். இதுக்கு நடுவுல கரிமூட்டம் போடுற குடும்பங்க வந்து நின்னாங்க, ஊரணி மரத்தையும் வெட்டிட்டா நாங்க எங்க போறதுன்னு. இது நியாயமான கேள்வி. சீமைக்கருவேலத்த ஒழிக்கணும்னு பேசுறவங்க பல பேரு, இந்த மாவட்டத்துல எத்தன அடுப்பு அந்தக் கரியாலதான் எரியுதுன்னு நெனச்சுப் பாக்குறதில்ல. கடைசில ஏலத்துல அவங்களே சேந்து கேட்டாங்க, வெளியூரு ஏவாரி யாரும் பெருசா போட்டிக்கு வரல, அவங்களுக்கே கெடச்சுது. வேரோட புடுங்கணும்னு மட்டும் பேசிக்கிட்டோம், அடி மரத்த விட்டா அடுத்த மழைக்கே தழைஞ்சு நிக்கும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அனுமதி வந்துருச்சு, மண்ணு அள்ளியாச்சு. டிராக்டர் வாடகைய மட்டும் வெவசாயிக போட்டாங்க, மண்ணு அவங்க புஞ்சைக்கு போச்சு. அந்த ஆத்தாவ கரையில சேர் போட்டு உக்கார வச்சிருந்தோம். வடக்கு மூலையில மஞ்சள் தட்டுப்பட்டதும் அவுக கைய தூக்குனாக, ஜேசிபி டிரைவர் நிறுத்திட்டாரு. பசங்க நெனச்ச ஆழத்துல பாதிதான் வந்துருக்கு, மொகம் வாடிப் போச்சு பயலுகளுக்கு, ஆனா ஒருத்தனும் எதுத்துப் பேசல.

அக்டோபர் 2, புதன்

இன்னைக்கு கிராம சபை தெக்குத்தெருவுல. வரத்துக்கால் பேச்சு சூடாயிருச்சு. சர்வேயர் புலப்பட வரைபடத்த வச்சு அளந்ததுல கால்வாய் மேல வந்து நிக்கிறது ஒரு நெல்லுக்களம், ரெண்டு வைக்கப்படப்பு, ஒரு காம்பவுண்டு சுவரு. அந்த சுவரு எங்க சின்ன மாமனாரோடது. வீட்டுக்கு உள்ள என்னென்ன பேச்சு நடந்துச்சுன்னு இங்க எழுதல. நான் கேட்டது ஒண்ணுதான், ஏழை வீட்டு வைக்கப்படப்ப எடுக்கச் சொல்லிட்டு நம்ம சுவர விட்டுவச்சா இந்த ஊருல அடுத்த கூட்டத்துக்கு யாரு வருவா? எங்க வீட்டுக்காரரு எம்பக்கம் நின்னாரு. மாமா ஐப்பசி பொறக்குறதுக்குள்ள இடிச்சிர்றேன்னு சபையிலயே சொல்லிட்டாரு. மத்தவங்களும் ஒத்துக்கிட்டாங்க.

கால்வாய் வெட்டுறத நூறு நாள் வேலையில சேத்து தீர்மானம் போட்டாச்சு. இப்ப ஒரு நாள் கூலி 319 ரூவா. அதுல மெஷின் எறக்கக் கூடாது, கையாலதான் வெட்டணும்.

அக்டோபர் 27, ஞாயிறு

கால்வாய் வேல முக்கால்வாசி முடிஞ்சிருச்சு. தீபாவளி வியாழக்கிழம, கூலி இன்னும் அக்கவுண்டுல ஏறல. வெட்டுனதுல முக்காவாசிப் பேரு பொம்பளைங்க, அவங்க வீட்ல பண்டிகைக்கு என்ன பண்ணுவாங்கன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. குழுப் பணத்துலேருந்து கேட்டவங்களுக்கு வட்டி இல்லாம குடுத்தோம், கூலி ஏறுனதும் திருப்பணும். ரோட்டுக்கு அடியில இருக்க குழாய்ப் பாலம் அடைச்சே கெடக்கு, அது எங்க ஊராட்சி கையில இல்ல, மனு குடுத்து வச்சிருக்கோம்.

நவம்பர் 20, புதன்

என்னா மழை! ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல, பாம்பன்ல மூணு மணி நேரத்துல 19 சென்டிமீட்டர்னு நியூஸ்ல ஓடுது. அங்க வீட்டுக்குள்ள தண்ணி, மீனவ குடும்பங்க பாவம், அதுகள நெனச்சா இங்க சந்தோசப்படவே மனசு வரல. எங்க பக்கம் அந்த அளவுக்கு இல்ல. மதியத்துக்கு மேல கால்வாயில தண்ணி ஓடி வந்து குழாய்ப் பாலத்துல முட்டிக்கிட்டு கீழத்தெரு பக்கம் ஏற ஆரம்பிச்சிருச்சு. மம்பட்டி, கடப்பாரைன்னு கையில கெடச்சத எடுத்துக்கிட்டு ரெண்டு தெரு ஆளுகளும் ஓடுனாங்க, ஆகஸ்ட்ல பைக்குல உக்காந்தே இருந்தாகளே, அவுகளும். அடைப்ப எடுத்ததும் செம்மண் தண்ணி ஊரணிக்குள்ள போச்சு.

நவம்பர் 23, சனி

நவம்பர் 1 நடக்க வேண்டிய கிராம சபை தீபாவளியால தள்ளிப்போயி இன்னைக்கு நடந்துச்சு. ஊரணி முக்கால் கொள்ளளவு நெறஞ்சிருக்கு. தண்ணி தெளிய நாளாகும், அதுவர குடிக்க வேணாம், பரிசோதனைக்கு அனுப்பணும்னு தீர்மானம். துணி தொவைக்கவோ மாடு குளிப்பாட்டவோ கூடாதுன்னும் போட்டோம், அதுக்கு கண்மாய் இருக்கு. படித்துறை ரெண்டுலயும் இப்ப எல்லாரும் எறங்குறாங்களான்னு கேட்டா, கீழத்தெருப் பிள்ளைங்க எறங்குதுங்க, பெரியவங்க இன்னும் தயங்குறாங்க. அந்த ஆத்தாவ நான் கூப்புட்டேன், வர்றேன்மான்னு சொன்னாக, இன்னும் வரல.

ஜனவரி 5ஓட ஊராட்சி பதவிக்காலம் முடியுது. தேர்தல் தள்ளிப்போனா தனி அலுவலர் வருவாரு, எங்க ஊரு தீர்மானத்த அவரு எடுத்துப் பாப்பாருன்னு சும்மா நம்பிக்கிட்டு இருக்க முடியாது. அதனால ஆகஸ்ட் 15லேருந்து போட்ட எல்லா தீர்மானத்துக்கும் நகல் எடுத்து ஒண்ணு குழுவுல, ஒண்ணு கீழத்தெரு நூலகத்துல வைக்கிறோம். குழாய்ப் பாலத்துக்கு இன்னும் பதில் இல்ல, எப்ப மனு குடுத்தோம், இப்ப அது யார் மேசையில இருக்குன்னு கேட்டு தகவல் உரிமைச் சட்டத்துல விண்ணப்பம் எழுதிட்டேன். பத்து ரூவா கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி திங்கக்கிழம ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பணும்.