எந்த கோவெண்டர்?

2022 ஏப்ரல் 11-ஆம் தேதி இரவு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கொட்டித் தீர்த்த மழை, சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டரைத் தாண்டியது. குவாசுலு-நடால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வர்த்தில் வீடு வீடாகப் போடும் சிறிய இலவசச் செய்தித்தாள் ஒன்றுக்கு ஆசிரியராக இருக்கிறேன். இறந்தவர் பெயரையும் காணாமல் போனவர் பெயரையும் பிசகாமல் அச்சேற்றுவதே அந்த வாரம் முழுக்க என் வேலையாக இருந்தது. அதை எப்படிச் செய்து முடித்தோம் என்று எழுதிவைக்கிறேன். இதுபோன்ற தாள் நடத்துகிறவர்களுக்கு உதவும்.

விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் பெயர்கள் வந்து குவிந்துவிட்டன. “சிவா கோவெண்டர் வெள்ளத்தோடு போய்விட்டார்” என்றது ஒரு செய்தி. எந்த கோவெண்டர்? எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்று கூப்பிட்டாலும் ஒரு கோவெண்டரோ, நாயுடுவோ, பிள்ளையோ, மூட்லியோ திரும்பிப் பார்ப்பார். ஒப்பந்தக் கூலிகளாக 1860 முதல் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்தோர் இந்தச் சில பட்டங்களையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். சிவாக்களுக்கும் குறைவில்லை. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எத்தனை வீடுகளில் அலறியிருப்பார்கள் என்று எண்ணும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

வழி காட்டியது எங்கள் பழைய மரண அறிவிப்புகள்தான். அவற்றில் இறந்தவரின் பெயருக்குக் கீழே ‘முன்பு மேகசின் பாரக்ஸ்’, ‘முன்பு கேட்டோ மேனர்’, ‘முன்பு கிளேர்வுட்’ என்று ஒரு வரி இருக்கும். 1950-ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி அரசு இந்த இடங்களிலிருந்து எங்கள் மக்களைப் பெயர்த்தெடுத்து, அறுபதுகளில் சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து விட்டது. வீடு போனாலும் அடையாளம் போகவில்லை. பெரியவர்கள் இன்றும் ஒருவரை இன்னார் என்று சொல்வது அந்தப் பழைய இடத்தை வைத்துத்தான்.

பக்கத்து வீட்டு ஆயாவை அழைத்துவந்து என் மேசையருகே உட்காரவைத்தேன். பெயரைப் படித்ததும் கேட்டார்:

“எந்தச் சிவா, கண்ணு? பாரக்ஸில் இருந்து நகராட்சி வேலைக்குப் போனாரே, அவர் பேரனா? தகப்பன் கோயிலில் மேளம் அடிப்பானே?”

“அது தெரியவில்லை ஆயா. பாலத்துக்குக் கீழே வீடு என்று போட்டிருக்கிறது.”

“அப்படியானால் அவன் இல்லை. அவர்கள் ஃபீனிக்ஸுக்குப் போய் எவ்வளவோ காலமாயிற்று. இது கிளேர்வுட் குடும்பம். பெரியம்மா ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் கேள்.”

குறிப்பேட்டில் கோடு போட்டுக்கொண்டேன். பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், தகப்பன் பெயர், முன்பு இருந்த இடம், பிறந்த தேதி, செய்தி சொன்னவர், அவர் கண்ணால் பார்த்தாரா. தென்னாப்பிரிக்க அடையாள எண்ணில் 13 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அந்த ஆறை மட்டும் கேட்டேன், முழு எண்ணை யாரிடமும் கேட்கவில்லை. கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. கண்ணால் பார்த்தவர் அவ்வளவு குறைவு.

இளைஞர்கள் சிலருக்குப் பொறுமையில்லை. ஊருக்கே தெரிந்த செய்தியை நான் மட்டும் பிடித்துவைத்திருக்கிறேன் என்றார்கள். வாட்ஸ்அப்பில் போட்டதை அழித்துவிடலாம்; தாளில் வந்ததைப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பார்கள் என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுப் பெரியவர் ஒருவர் வாயால் கேட்காமல் எந்தப் பெயரும் ‘மறைவு’ப் பத்தியில் ஏறாது என்பதில் நான் இறங்கி வரவில்லை.

அந்த வாரமே பெரிய வெள்ளி. கரும்புத் தோட்டக் கூலிகளாக இருந்த காலத்தில் ஈஸ்டருக்குக் கிடைத்த விடுமுறையில் மாரியம்மனைக் கும்பிடக் கூடியது இங்கே வழக்கமாக நிலைத்துவிட்டது. எங்கள் பேட்டைக் கோயிலுக்கும் வருவார்கள் என்று குறிப்பேட்டோடு வாசலில் நின்றேன். தொலைபேசியில் கிடைக்காத பலர் அங்கே கிடைத்தார்கள். ஒரு தாய் என் கையிலிருந்த பட்டியலை வாங்கி, மகன் பெயரின் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு, “காணவில்லை என்று மட்டும் போடுங்கள் அக்கா” என்றார். அப்படியே போட்டேன். அடுத்த இதழிலும் அது அங்கேயே இருந்தது. பிணவறையில் குடும்பத்தார் அடையாளம் காட்டிய பிறகுதான் மாற்றினேன்.

அச்சகத்தில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவர் வீட்டில் நகலெடுத்து, இரண்டே பக்கத்தில் இதழைக் கொண்டுவந்தோம். இடம் போதாததால் தமிழ்ப் பத்தியை எடுத்துவிடலாம் என்றார்கள். 1903-இல் இதே டர்பனில் நான்கு மொழிகளில் தொடங்கிய காந்தியின் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ்கூட 1906-இல் தமிழை நிறுத்த வேண்டியதாயிற்று. எங்கள் தாளுக்கும் அந்தக் கதி வருவதில் எனக்குச் சம்மதமில்லை. விளம்பரத்தை எடுத்துவிட்டு, பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் போட்டேன். குருக்கள் அந்தத் தாளைப் பார்த்தே பெயர் சொல்லிப் பூசை செய்தார்.

அன்று போட்ட கட்டங்களையே இப்போது எல்லா மரண அறிவிப்புகளுக்கும் வைத்திருக்கிறேன். துக்க நேரத்தில் இத்தனை கேள்வியா என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். இருந்தாலும் கேட்கிறேன். முன்பு இருந்த இடம் பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டால், தெரிந்த பெரியவர் ஒருவரின் எண்ணைத் தரச் சொல்கிறேன்.