சுவரைப் பார்த்து வாசித்த கிட்டார்

கல்லூரி விடுதியில் சீனியர் ஒருவரிடம் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய கிட்டாரை வைத்துப் பதினொரு வருடம் ஓட்டினேன். கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜ் பக்கம் பலகை உப்பிப்போய், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளில் பன்னிரண்டாவதில் கம்பியை அமுக்கினாலே விரல் நோகும். போன தீபாவளி போனஸில் இருபதாயிரத்தை ஒதுக்கினேன். இந்த முறை நாதம் பிடித்தால்தான் வாங்குவது என்று முடிவு.

முதல் ஒரு மாதம் வீடியோ பார்த்தே போனது. ஹெட்ஃபோனில் எல்லாக் கிட்டாரும் நன்றாகத்தான் ஒலிக்கிறது, அது மைக் வைத்தவரின் கெட்டிக்காரத்தனம். உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்: மேல்பலகை ஒரே மரமா, ஒட்டுப்பலகையா என்று பார்ப்பது. நடுத் துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். மேலே ஓடும் மரத்தின் ரேகை அப்படியே விளிம்பிலும் இறங்கினால் ஒரே மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டு.

முதல் கடையில் கிட்டத்தட்ட ஏமாந்தேன். விற்பனைத் தம்பி டிரெட்நாட் என்கிற பெரிய உடம்புக் கிட்டார் ஒன்றை எடுத்து, பிக் வைத்து ஓங்கி ஒரு ஸ்ட்ரம் அடித்தார். "பேஸ் பாருங்க சார், சும்மா கும்முனு இருக்கும்!" உண்மையிலேயே கும்மென்றுதான் இருந்தது. 1906-இல் கடலில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரைத்தான் மார்ட்டின் கம்பெனி 1916-இல் இந்தப் பெரிய உடம்புக்கு வைத்தது. பெயருக்கேற்ற முழக்கம். பில் போடச் சொல்லும் நேரத்தில் கூட வந்திருந்த மனைவி, "நீங்க பாடுற மாதிரி வாசிச்சுப் பாருங்களேன்" என்றாள். கடையில் பாடக் கூச்சம்தான். மெல்ல முனகிக்கொண்டே விரலால் மீட்டினேன். "உங்க குரல் கிணத்துக்குள்ள இருந்து கேக்குது" என்றாள்.

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. குழந்தை தூங்கிய பிறகு, இரவு பத்து மணிக்கு, விரலால், தாழ்ந்த குரலோடு வாசிக்கிறவன் நான். அடித்து முழக்குகிறவர்களுக்கான கிட்டார் எனக்கு எதற்கு?

அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். அண்ணா சாலையில் 1842-இலிருந்து இருக்கிற மியூசி மியூசிகலில் தொடங்கி, கடை கடையாக ஏறி இறங்கினேன். வாரநாள் காலை பதினொரு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, பக்கத்தில் யாரும் டிரம்ஸைத் தட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரு சங்கடம் உண்டு. கிட்டாரின் துளை எதிரே இருப்பவரைப் பார்த்திருக்கிறது, வாசிக்கிறவனுக்கு முழு நாதமும் வருவதில்லை. அதனால் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசித்தேன். சத்தம் திரும்பி முகத்துக்கு வந்தது. கடைக்காரர்கள் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

ஈட்டி மரத்தில் முதுகு செய்த ஒன்றையும் ஆசைக்கு எடுத்துப் பார்த்தேன். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற மரம். கார்வை நீண்டு நின்றது. விலைச்சீட்டைப் பார்த்ததும் மரியாதையாகத் திரும்ப மாட்டிவிட்டேன்.

கடைசியில் யமஹா எஃப்ஜி 800, எஃப்எஸ் 800 இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தேன். இரண்டுக்கும் மேல்பலகை ஒரே ஸ்ப்ரூஸ் மரம்தான். ஆனால் எஃப்எஸ்ஸின் உடம்பு சிறியது, கம்பி நீளமும் 650 மில்லிமீட்டருக்குப் பதில் 634. கம்பியின் இறுக்கம் கொஞ்சம் குறைகிறது, விரலுக்குச் சுகம். பேஸ் அடங்கி இருந்ததால் மெல்லிய கம்பிகளில் மெட்டு தனியாகக் கேட்டது, குரலுக்கும் இடம் கிடைத்தது.

இருந்தும் ஒலி மந்தமாக இருந்தது. பார்த்தால் கம்பியில் துரு. கடலோர ஊரில் மாட்டியே வைத்திருந்தால் வேறென்ன ஆகும்? என் செலவிலேயே புது பாஸ்பர் பிரான்ஸ் செட் ஒன்றை மாட்டச் சொன்னேன். கணீரென்று திறந்தது. அப்புறம் ஆறு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டாக அமுக்கிப் பார்த்ததில், ஐந்தாவது ஃபிரெட்டில் ஒரு கம்பி கரகரத்தது. அதே மாடலில் இன்னொன்றை உள்ளேயிருந்து எடுத்து வரச் சொன்னேன். அதில் கரகரப்பு இல்லை. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் அமுக்கிய சுரமும் சுருதி காட்டும் டியூனரில் ஒன்றாகவே நின்றன. புதுக் கம்பி அதற்கு மாறியது.

ஆக்‌ஷன், அதாவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம், மட்டும் தடித்த கம்பிக்கு மூன்று மில்லி இருந்தது. அரை மில்லி இறக்க, பிரிட்ஜில் கம்பிகள் அமரும் பட்டையான சாடிலின் அடியில் ஒரு மில்லி தேய்க்க வேண்டும், கணக்கு அப்படி. அதைக் கடை டெக்னீஷியனே அரை மணி நேரத்தில் செய்துகொடுத்தார்.

பழைய கிட்டார் இப்போது மகளிடம் இருக்கிறது. நான்கு கம்பிதான் மிச்சம். சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் வாசிக்கிறாள், ஏன் என்று கேட்டால் "அப்பா அப்படித்தானே வாசிக்கிறாங்க" என்கிறாள்.